துஷ்டி வீட்டுச் சத்தம்: 'ஃப்யூனரல்' ஆல்பம் பற்றிக் கேட்ட தம்பிக்கு

பாளையங்கோட்டையில் ஒரு சர்ச் கொயரில் பேஸ் கிட்டார் வாசிக்கும் தம்பி போன வாரம் கேட்டது இது: "அண்ணாச்சி, ஆர்கேட் ஃபயர்னு ஒரு பேண்டு. அவங்க 'ஃப்யூனரல்' ஆல்பத்தைக் கேளு கேளுன்னு காலேஜ் சீனியர் உயிரை எடுக்காரு. இண்டி ராக்கையே அது மாத்திட்டுங்காரு. ரெண்டு தடவை கேட்டுட்டேன். ஒரே கத்தலா இருக்கு. பாடுறவருக்குச் சுருதியும் நிக்கல. அதுல அப்படி என்னதான் இருக்கு? மொதல்ல இண்டின்னா என்ன? எந்தப் பாட்டுல ஆரம்பிக்கணும்?"

சவுண்ட் மிக்சர் பக்கத்தில் நின்றுகொண்டு இரண்டு வரியில் சொல்ல முடியவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கத்தல் என்று நீ சொன்னது சரிதான். சுருதி நிற்கவில்லை என்பதும் சரி. விழாக்களுக்கு மைக், ஸ்பீக்கர் என்று ரேடியோ செட் போடுகிற வீட்டில் பிறந்தவன் நான். மைக்கில் யார் எங்கே விலகுகிறார்கள் என்று கேட்டுப் பழகிய காது. வின் பட்லரின் குரல் உச்சிக்குப் போகும்போது நடுங்கும், சில இடத்தில் உடையும். இருந்தாலும் இருபது வருஷமாக அந்த ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் விவரத்தை முடித்துவிடுவோம். ஆர்கேட் ஃபயர் கனடாவில் மான்ட்ரியால் நகரத்து பேண்டு. 'ஃப்யூனரல்' அவர்களுடைய முதல் முழு ஆல்பம். 2004 செப்டம்பர் 14-ல் மெர்ஜ் ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன கம்பெனி அமெரிக்காவிலும் கனடாவிலும் வெளியிட்டது. இங்கிலாந்தில் ரஃப் ட்ரேட் கம்பெனி 2005 பிப்ரவரி கடைசியில் கொண்டுவந்தது. பத்துப் பாட்டு, 48 நிமிஷம். பேண்டின் நடுவில் அப்போது ஒரு தம்பதி: டெக்சாஸில் வளர்ந்து மான்ட்ரியாலுக்குப் படிக்கப் போன வின் பட்லர், ஹெய்ட்டியிலிருந்து வந்த பெற்றோருக்கு அங்கேயே பிறந்த ரெஜீன் ஷசாஞ். ஒரு நிகழ்ச்சியில் ரெஜீன் ஜாஸ் பாடுவதைக் கேட்டுத்தான் வின் அவரைச் சேர்த்துக்கொண்டார். 2003-ல் கல்யாணம். வின்னின் தம்பி வில், ரிச்சர்ட் ரீட் பேரி, டிம் கிங்ஸ்பரி ஆகியோர் கூட இருந்தார்கள். சாரா நியூஃபெல்ட் வயலின், ஓவன் பாலெட் தந்தி வாத்திய ஏற்பாடு.

இண்டி என்பது 'இண்டிபெண்டன்ட்' என்ற சொல்லைச் சுருக்கியது. தமிழில் சுயாதீன இசை என்கிறார்கள். ஆரம்பத்தில் அது இசையின் ரகத்தைக் குறிக்கவில்லை, யார் காசு போடுகிறார்கள் என்பதைத்தான் குறித்தது. ரேடியோவும் டிவியும் கடைகளும் கைக்குள் இருக்கிற நாலைந்து பெரிய கம்பெனிகள் ஒரு பக்கம். சொந்தக் காசில் ரெக்கார்ட் அடித்து, வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்கிறவர்கள் இன்னொரு பக்கம். மெர்ஜ் அப்படிப் பிறந்தது. வட கரோலினாவில் சூப்பர்சங்க் என்ற பேண்டில் இருந்த மேக் மெக்காகன், லாரா பேலன்ஸ் இரண்டு பேரும் 1989-ல் தங்கள் பாட்டையும் கூட்டாளிகள் பாட்டையும் வெளியிட ஆரம்பித்தது. நம் பக்கத்தில் கோயில் கொடைக்குச் சொந்த செட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறவர் மாதிரி என்று வைத்துக்கொள்.

ஆனால் காலம் போகப் போக இண்டி என்றால் ஒரு முகபாவம் என்று ஆகிவிட்டது. 2001-ல் நியூயார்க்கிலிருந்து ஸ்ட்ரோக்ஸ் வந்தார்கள். அவர்களுடைய முதல் ஆல்பம் எனக்கும் பிடிக்கும். டெலிபோனுக்குள்ளிருந்து வருகிற மாதிரி அமுக்கிய குரல், 'எனக்கென்ன வந்தது' என்கிற தோரணை. அவர்களைப் பார்த்து வந்த கூட்டம் அந்தத் தோரணையை மட்டும் எடுத்துக்கொண்டது. உணர்ச்சியைக் காட்டினால் மானம் போய்விடும். கையைக் கட்டிக்கொண்டு தலையை மட்டும் லேசாக ஆட்டுவதுதான் ரசிகனுக்கு அழகு. அந்தச் சபைக்குள்தான், வயலின், அக்கார்டியன், சைலஃபோன், ஹார்ப் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு, எட்டுப் பேர் சேர்ந்து தொண்டை கிழியப் பாடிய ஆல்பம் ஒன்று 'சாவுச் சடங்கு' என்ற பெயரோடு வந்து விழுந்தது.

அந்தப் பெயர் சும்மா வைத்ததில்லை. 2003 ஆகஸ்டில் பதிவு தொடங்கியது. இடம், மான்ட்ரியாலில் ஹோட்டல்டூடேங்கோ. பெயரில்தான் ஹோட்டல், உள்ளே ஸ்டுடியோ. கம்ப்யூட்டர் வந்துவிட்ட காலத்திலும் டேப்பில் பதிகிற இடம். அதை நடத்தியவர்களில் ஒருவரான ஹோவர்ட் பைலர்மேன்தான் இந்த ஆல்பத்தின் டிரம்மர். மீதி வேலை 2004 தொடக்கத்தில் முடிந்தது. இந்த இடைவெளிக்கு முன்னும் பின்னுமாகச் சாவு மேல் சாவு. 2003 ஜூனில் ரெஜீனின் பாட்டி. 2004 பிப்ரவரியில் பட்லர் சகோதரர்களின் தாத்தா. ஏப்ரலில் ரிச்சர்ட் பேரியின் அத்தையோ சித்தியோ. ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே சொல், நமக்குத்தான் அவஸ்தை.

அந்தத் தாத்தா சாதாரண ஆள் இல்லை. ஆல்வினோ ரே. 1930, 40-களில் பெரிய ஸ்விங் இசைக்குழு வைத்திருந்தவர். மின் கிட்டாரையும் பெடல் ஸ்டீல் கிட்டாரையும் மேடைக்குப் பழக்கிய முதல் தலைமுறை ஆட்களில் ஒருவர். 95 வயதில் போனார். நம் ஊராக இருந்தால் கல்யாணச் சாவு என்று சொல்லியிருப்போம். அவருடைய மகள், பட்லர்களின் அம்மா லைசா ரே, இந்த ஆல்பத்தில் ஹார்ப் வாசித்திருக்கிறார். 2004 ஜூனில் 'டனல்ஸ்' பாட்டைச் சின்ன ரெக்கார்டாக வெளியிட்டபோது மறுபக்கத்தில் வைத்தது தாத்தாவின் பழைய இசைக்குழு வாசித்த ஒரு பாட்டை. ஒரு பக்கம் பேரன், மறுபக்கம் தாத்தா. திருப்பிப் போட்டால் தாத்தா வாசிப்பார். எனக்கு இந்த ஒரு விஷயம் போதும், அவர்கள் விளையாட்டுக்கு அந்தப் பெயரை வைக்கவில்லை என்று நம்ப.

சரி, இப்போது துஷ்டி வீட்டுக்கு, அதாவது சாவு விழுந்த வீட்டுக்கு வருகிறேன்.

எனக்கு ஒன்பது வயதில், சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் கிராமத்தில் ஆச்சி இறந்துபோனாள். துஷ்டி கேட்க வந்த பெண்கள் தெருமுனை வரை சாதாரணமாகப் பேசிக்கொண்டுதான் வந்தார்கள். பஸ் கூட்டம், வெயில் என்று பேச்சு. முனை திரும்பிப் பந்தல் கண்ணில் பட்டதும் குரல் எழும்பியது. உள்ளே இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். கழுத்தைக் கட்டிக்கொண்டு தலையோடு தலை சேர்த்து வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒரு பெரியம்மை முதல் அடியை எடுப்பாள். அடியின் கடைசி இழுவையில் மற்ற எல்லாரும் வந்து சேர்ந்துகொள்வார்கள். யார் குரல் எங்கே போகிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. தொண்டை கட்டியவளும் பாடினாள், பல் போனவளும் பாடினாள். பந்தலுக்குப் பின்னால் நாங்கள் பிள்ளைகள் வாடகை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தோம். கடுங்காப்பி வந்துகொண்டே இருந்தது. எங்களுக்கும் ஆளுக்கொரு தம்ளர், கூட ஒரு பன். எனக்கு அன்றைக்கு ரொம்ப சந்தோஷம். சந்தோஷமாக இருக்கிறோமே என்று உள்ளுக்குள் கொஞ்சம் வெட்கம்.

'ஃப்யூனரல்' முழுக்க இந்தப் பந்தலுக்குப் பின்பக்கம்தான். பெரியவர்கள் அழுகிறார்கள், பிள்ளைகள் அதைச் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டு தங்களுக்கென்று ஓர் உலகம் கட்டுகிறார்கள். முதல் பாட்டு 'டனல்ஸ்' அதை நேராகவே சொல்கிறது. தெரு முழுக்கப் பனி மூடிவிடுகிறது. பையனின் வீட்டில் பெற்றோர் அழுகிறார்கள். அவன் தன் ஜன்னலிலிருந்து அவள் ஜன்னல் வரை பனிக்குள் ஒரு சுரங்கம் தோண்டுகிறான். இரண்டு பேரும் ஊர் நடுவில் சந்திக்கிறார்கள். முடி வளர்கிறது, தோல் தடிக்கிறது, தெரிந்த பெயர்களெல்லாம் மறந்துபோகின்றன. பியானோ தயங்கித் தயங்கி ஆரம்பித்து, பாட்டு முடிவதற்குள் ஓட்டமாக மாறியிருக்கும்.

முதல் ஐந்து பாட்டில் நாலுக்கு ஒரே தலைப்பு, 'அண்டை அயல்' என்று ஒன்று முதல் நாலு வரை எண் போட்டு. இதை நீ கவனித்தாயா? சாவைப் பற்றிய ஆல்பத்தில் அவர்கள் எண் போட்டு வைத்தது தெருவுக்கு. செத்தவர்களுக்கு இல்லை. இரண்டாவது 'லைக்கா'. 1957-ல் சோவியத் யூனியன் விண்வெளிக்கு அனுப்பி, திரும்பி வராத நாயின் பெயர். வீட்டை விட்டுப் போன அண்ணனை அந்த நாயோடு சேர்த்துப் பேசுகிற பாட்டு. வாசலில் போலீஸ் வண்டியின் விளக்கு சுழல, அக்கம்பக்கத்தார் அந்த வெளிச்சத்தில் ஆடுகிறார்கள் என்று ஓர் இடம் வரும். நம் தெருவில் ஒரு வீட்டில் சண்டை வந்தால் மொட்டைமாடிகள் நிரம்புமே, அதே காட்சி. மேடையில் அப்போது இந்தப் பாட்டுக்கு வில்லும் ரிச்சர்டும் மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, குச்சியால் ஒருத்தர் தலையில் ஒருத்தர் அடித்துத் தாளம் போடுவார்கள். கோமாளித்தனம்தான். ஆனால் நையாண்டி மேளம் பார்த்து வளர்ந்தவனுக்கு அதில் ஒன்றும் அதிர்ச்சி கிடையாது.

மூன்றாவது 'பவர் அவுட்'. எனக்கு இது நெஞ்சில் ஏறிய கதை வேறு.

1998 ஜனவரியில் மான்ட்ரியாலைச் சுற்றி ஒரு பனிப்புயல். அங்கே பெய்தது உறைமழை. தண்ணீராக விழுந்து, தொட்ட இடத்தில் பனிக்கட்டியாக உறைகிற மழை. கம்பி, மரம், கோபுரம் எல்லாவற்றிலும் கட்டி கட்டியாக ஏறியது. பாரம் தாங்காமல் ஆயிரம் மின்கோபுரங்கள் வரை மடங்கி விழுந்தன. கியூபெக் மாகாணத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் விளக்கு அணைந்தது. சில ஊர்களில் கரண்டு வர ஒரு மாதம் ஆனது, அதுவும் நடுக்குளிர்காலத்தில். அந்த இருட்டிலிருந்து வந்த பாட்டு இது. அப்பா அம்மாவின் கைகளைப் பனி மூடுகிறது. பிள்ளைகள் மின்கம்பியில் ஊஞ்சல் ஆடுகிறார்கள். தட்டிக் கேட்க வீட்டில் யாரும் இல்லை.

ரொம்ப நாள் நான் இதை நல்ல அடியுள்ள பாட்டு என்கிற அளவில்தான் வைத்திருந்தேன். அப்புறம் 2023 டிசம்பர் 17 வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை ஏறி, திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ளும் கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸுக்குள்ளும் போய்விட்டது. நாங்கள் அப்போது சிந்துபூந்துறையில் இருந்தோம். கீழே கிடங்கில் எட்டு ஸ்பீக்கர் பாக்ஸ், இரண்டு ஆம்ப்ளிஃபையர். ஆம்ப்ளிஃபையரை மாடிக்குத் தூக்கிவிட்டோம். பாக்ஸுகளில் இரண்டைத்தான் காப்பாற்ற முடிந்தது. மற்ற ஆறும் தண்ணீரில் மெதுவாக மிதந்து ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் சத்தம் ராத்திரி முழுக்கக் கேட்டது. டப், டப் என்று, காற்று ஏறிய மத்தளம் மாதிரி. கரண்டு கிடையாது, டவர் கிடையாது. பெரியவர்கள் பால் பவுடர் யாரிடம் இருக்கிறது, மாத்திரை யாரிடம் இருக்கிறது என்று மாடிக்கு மாடி கத்திக் கேட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்து மாடியில் ஒரு ஏழெட்டுப் பிள்ளைகள், பாதி ராத்திரியில், கும்மிருட்டில், தண்ணீருக்குள் டார்ச் அடித்து 'முதலை முதலை' என்று கூப்பாடு போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் அப்பா அதட்டினார். இரண்டு நிமிஷம் அமைதி. மறுபடி முதலை.

போனில் 14 சதவீதம் இருந்தது. மூன்று சதவீதத்தைச் செலவழித்து 'பவர் அவுட்' கேட்டேன். செய்யக்கூடாத காரியம், மனைவி திட்டினாள், நியாயம்தான். ஆனால் அந்தப் பாட்டில் விடாமல் அடிக்கிற டிரம், மேலே சில்லென்று விழுகிற சைலஃபோன், எல்லாம் எதற்கு என்று அன்றைக்குப் புரிந்தது. பயமும் கும்மாளமும் ஒரே இருட்டில் பக்கத்துப் பக்கத்து மாடியில் இருக்கும் என்பதை அந்தப் பாட்டு இசையாகவே போட்டிருக்கிறது. நீ கத்தல் என்று சொன்ன பாட்டு இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இல்லையென்றால் 'வேக் அப்'. ஆல்பத்தின் ஏழாவது பாட்டு, அவர்களை உலகத்துக்குக் கொண்டுபோன பாட்டு. கிட்டார் இரண்டு மூன்று தடவை கரகரவென்று உறுமிவிட்டு வழி விடும். அப்புறம் மொத்தக் கூட்டமும் சொல்லே இல்லாமல் 'ஓ' என்று எடுக்கும். நீ கொயரில் நாலு குரல் பிரித்துப் பாடிப் பழகியவன், இதைக் கூர்ந்து கேள். இங்கே பிரிப்பு கிடையாது என்றே சொல்லலாம். எல்லாரும் ஒரே மெட்டைப் பிடித்துப் போகிறார்கள். மெட்டும் கடினமானதில்லை, பயிற்சி இல்லாத தொண்டைக்கு எட்டுகிற தூரத்தில் படிப் படியாக ஏறி இறங்குகிறது. பதிவிலும் ஒவ்வொரு குரலையும் கழுவித் துடைத்துத் தனித்தனியாக வைக்கவில்லை. ஒரு அறைக்குள் பலர் நின்று பாடினால் எப்படி மொத்தையாக வருமோ அப்படியே இருக்கிறது. நான் மிக்ஸ் செய்திருந்தால் கொஞ்சம் பிரித்திருப்பேன். கெடுத்திருப்பேன்.

அந்த 'ஓ'வுக்கு நடுவில் வருகிற சொற்களின் சாரம் இது: அழக்கூடாது என்று யாரோ சின்ன வயதில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள், இப்போது வளர்ந்துவிட்டேன், மனசு குளிர்ந்துபோயிற்று. நம் பெரியம்மைக்கு யாரும் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுக்கு அழ ஒரு மெட்டு இருந்தது, வட்டம் இருந்தது, இழுவையில் வந்து சேர ஆள் இருந்தது. அமெரிக்கப் புறநகரில் வளர்ந்த பையன்களுக்கு அது இல்லை. அவர்கள் தங்களுக்கென்று ஒன்றைச் செய்துகொண்டார்கள். என் கணக்கில் இந்த ஆல்பத்தின் முக்கியத்துவமே இதுதான். தனியாக ஹெட்ஃபோனில் சோகப்படுகிறவர்களின் இசையாக இருந்த இண்டியை, நாலு பேர் கழுத்தைக் கட்டிக்கொண்டு சத்தம் போடுகிற இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். வில்லுப்பாட்டில் அண்ணாவி ஒரு வரியை விட்டதும் பின்பாட்டுக்காரர்கள் பாய்ந்து பிடிப்பார்களே, அந்தப் பாய்ச்சல் ராக்கில் புதிது இல்லைதான், ஆனால் 2004-ல் அதை எல்லாரும் மறந்திருந்தார்கள்.

ஒப்பாரியும் இதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒப்பாரி செத்தவரை நேரே கூப்பிட்டுப் பேசும். என் அம்மையே, என் ராசாவே என்று உறவு சொல்லி, அவர் கட்டிய வீடு, நட்ட தென்னை என்று கணக்கு வைத்துப் பாடும். 'ஃப்யூனரல்' செத்தவரைக் கூப்பிடுவதே அபூர்வம். அதன் பார்வை மிச்சம் இருப்பவர்கள் மேல். ஒரு விதிவிலக்கு 'ஹெய்ட்டி'. ரெஜீன் பாடுவது, பாதி பிரெஞ்சு பாதி ஆங்கிலம். அவர் பெற்றோர் டுவாலியேயின் சர்வாதிகாரக் காலத்தில் அந்த நாட்டை விட்டு வந்தவர்கள். பிறக்காமலே போன சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் டுவாலியேயின் இரவுகளில் ஆவியாக அலைகிறார்கள் என்று பாடுகிறார். ஆனால் இசை கடற்கரைக் காற்று மாதிரி இதமாக இருக்கும். மொழி தெரியாமல் கேட்டால் ஏமாந்துபோவோம். கொழும்பிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்த குடும்பங்கள் நம் பக்கத்திலும் உண்டு. அந்த வீட்டுப் பாட்டிமார் கடலைப் பற்றிப் பேசும்போது இப்படித்தான், குரலில் ஒரு பதற்றமும் இருக்காது. அந்தப் பாட்டு முடிவது தெரியாமல் அதன் அடி அப்படியே 'ரெபெல்லியன்' பாட்டின் பேஸ் ஆக மாறும். நீ பேஸ் வாசிக்கிறவன். அந்த இணைப்பை ஒரு பத்துத் தடவையாவது கேள்.

இது எப்படி இவ்வளவு தூரம் பரவியது என்பது தனிக்கதை. மான்ட்ரியாலில் அப்போது வாடகை மலிவு. 1995-ல் கியூபெக் பிரிந்துபோவதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடந்து, மயிரிழையில் வேண்டாம் என்று முடிந்தது. அந்த நிச்சயமின்மையில் ஊரின் பொருளாதாரம் படுத்துக் கிடந்தது. பெரிய வீடு சின்ன வாடகை, பக்கத்து வீட்டிலும் ஒரு பேண்டு. ஏழெட்டுப் பேர் வேலைக்குப் போகாமல் சேர்ந்து வாசிக்க வேறு எந்தப் பெரிய ஊரில் முடியும்? ஆல்பம் வந்த நாளை ஒட்டி பிட்ச்ஃபோர்க் என்ற இணைய இதழ் பத்துக்கு 9.7 கொடுத்தது. அதற்கு முன் ஒரு ரெக்கார்ட் பிரபலமாக ரேடியோ வேண்டும், டிவி வேண்டும். இங்கே ஒரு இணைய விமர்சனமும், பாட்டை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட ரசிகர்களும் சேர்ந்து மெர்ஜ் கையிருப்பைக் காலி செய்துவிட்டார்கள். அந்தக் கம்பெனியிலிருந்து அமெரிக்காவின் முதல் 200 ஆல்பங்கள் பட்டியலில் ஏறிய முதல் ஆல்பம் இது. யூடியூப் பிறப்பதற்கு ஐந்து மாதம் முன்னால் நடந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்.

அப்புறம் பெரியவர்கள் வந்தார்கள். இங்கிலாந்துப் பாடகர் டேவிட் போவி இந்த ஆல்பத்தை நிறைய வாங்கி நண்பர்களுக்குக் கொடுத்தாராம். 2005 செப்டம்பரில் நியூயார்க்கில் ஆர்கேட் ஃபயரோடு மேடை ஏறி 'வேக் அப்' பாடினார். அயர்லாந்து ராக் பேண்டு யூ2 அந்த வருஷத்துச் சுற்றுப்பயணத்தில் தாங்கள் மேடைக்கு வருமுன் அரங்கம் முழுக்க இந்தப் பாட்டைத்தான் ஒலிக்கவிட்டார்கள். டைம் பத்திரிகையின் கனடா பதிப்பு அட்டையில் போட்டது. 2011-ல் இவர்களுடைய மூன்றாவது ஆல்பம் கிராமியில் வருஷத்தின் சிறந்த ஆல்பம் என்ற பரிசை வாங்கியபோதும் அமெரிக்காவில் வெளியிட்டது அதே மெர்ஜ்தான். யார் இந்த ஆர்கேட் ஃபயர் என்று அன்றைக்கு இணையத்தில் பாதிப் பேர் கோபமாகக் கேட்டார்கள், வேடிக்கையாக இருந்தது. 2010-ல் ஹெய்ட்டியில் பூகம்பம் வந்த அடுத்த மாதம், அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டி விளம்பரத்துக்கு 'வேக் அப்' கொடுத்து, அந்தக் காசை ஹெய்ட்டியில் வேலை செய்கிற மருத்துவ அமைப்புக்குத் திருப்பிவிட்டார்கள்.

குறையும் சொல்ல வேண்டும். நாலாவது எண் போட்ட 'செவன் கெட்டில்ஸ்' எனக்கு இன்றைக்கும் கொட்டாவி. 'க்ரவுன் ஆஃப் லவ்' கடைசி நிமிஷத்தில் திடீரென்று ஆட்டம் போட ஆரம்பிக்கும்வரை இழுவை. இந்த ஆல்பத்தைப் பார்த்து வந்தவர்கள் செய்த கொடுமை வேறு. 'ஓ' என்று எல்லாரும் சேர்ந்து கத்தினால் போதும் என்று நினைத்து, சட்டைக்கு மேல் வார்ப்பட்டை போட்டுக்கொண்டு ஒரு பெரும் கூட்டமே கிளம்பியது. செல்போன் விளம்பரம், கார் விளம்பரம் எல்லாவற்றிலும் அந்த 'ஓ'. துஷ்டி இல்லாத வீட்டில் ஒப்பாரி. வின் பட்லர் மேல் 2022-ல் பலர் பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டு வைத்தார்கள். அவர், எல்லாம் சம்மதத்தோடு நடந்தது என்று மறுத்தார். அதற்குப் பிறகு சிலர் இந்த ஆல்பத்தை எடுத்து வைத்துவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நான் கேட்கிறேன், முன்போல வெள்ளை மனசோடு கேட்க முடியவில்லை.

கடைசிப் பாட்டை ரெஜீன்தான் பாடுகிறார். 'இன் த பேக்சீட்'. காரின் பின்சீட்டு சுகம் என்று ஆரம்பிக்கிறது. வண்டி ஓட்ட வேண்டாம், பேச வேண்டாம், வெளியே பார்த்துக்கொண்டு வரலாம். குடும்ப மரத்தின் இலைகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. பாட்டு வளர வளரத் தெரிகிறது, முன்சீட்டில் ஆள் இல்லை, இனி ஓட்ட வேண்டியது அவள்தான்.

பாபநாசம் பக்கம் ஒரு கொடைக்கு செட் போட்டுவிட்டு விடியற்காலை நாலு மணிக்குத் திரும்புவோம். அப்பா ஓட்டுவார். நான் வேனுக்குப் பின்னால் பாக்ஸுகளுக்கு இடையில், சுருட்டிய வயர் மேல் தலை வைத்துப் படுத்திருப்பேன். அம்பாசமுத்திரம் தாண்டியதும் வயல் குளிர் உள்ளே வரும். முக்கூடலா, சேரன்மகாதேவியா, எந்த வழியில் போகிறார் என்றுகூட எனக்குத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்த வருஷம் நான் ஓட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் இல்லாத பிரேக்கை அவர் காலால் மிதித்துக்கொண்டே வந்தார். வீரவநல்லூர் வந்தபோது பார்த்தேன், தூங்கிவிட்டார். அதன் பிறகு வேனில் அந்தப் பாட்டை நான் போடுவதில்லை.

எதில் ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தாய். 'வேக் அப்'பில் ஆரம்பிக்காதே, விளம்பரத்தில் கேட்ட ஞாபகம் வந்து கெடுக்கும். 'டனல்ஸ்', அப்புறம் 'பவர் அவுட்', அப்புறம் 'ஹெய்ட்டி'யும் 'ரெபெல்லியனும்' இடையில் நிறுத்தாமல். இந்த நாலும் ஒட்டினால் முழு ஆல்பத்தையும் வரிசையாகக் கேள். ஒட்டவில்லை என்றால் விட்டுவிடு, சீனியருக்காக யாரும் பாட்டுக் கேட்க வேண்டாம். ஒன்று மட்டும்: போன் ஸ்பீக்கரில் கேட்காதே. சனிக்கிழமை சாயங்காலம் கிடங்குக்கு வா. வெள்ளத்தில் தப்பித்த அந்த இரண்டு பாக்ஸ் இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஒன்றில் லேசாக ஹம் அடிக்கும், பொறுத்துக்கொள்.